அப்பா சீரியஸ்

போன் அடித்ததும் சகாதேவன் முதலில் மேளக்காரர்களைப் பார்த்துத்தான் கையைக் காட்டினார். மேளம் நின்றது. பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "கொஞ்ச நேரம் அழுவாதீங்கம்மா, நிலா பேசறா" என்றார். ஐஸ் பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்கள். பந்தல் போட வந்தவன், கையிலிருந்த மூங்கிலைக் கீழே போட்டால் சத்தம் வரும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

சித்தார்த்தன் போனைக் காதில் வைத்தான்.

"அண்ணா, அப்பாவுக்கு என்னாச்சி?"

தமிழ்நிலா புதுச்சேரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். கோடை விடுமுறையில் மாணவர்களுக்குத் தரும் ஆராய்ச்சிப் பயிற்சிக்குத் தேர்வாகி, புனே பக்கம் ஒரு ரேடியோ தொலைநோக்கி நிலையத்துக்குப் போயிருந்தாள். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகள் மிகவும் மெலிந்தவை. பக்கத்தில் ஒரு செல்போன் இருந்தாலே அதன் இரைச்சலில் அவை காணாமல் போய்விடும். அதனால் ஆன்டெனாக்கள் இருக்கும் வளாகத்துக்குள் போகும்போது போனை அணைத்து வாசலில் கொடுத்துவிட வேண்டும். காலையில் இதைச் சித்தப்பாவிடம் விளக்கப் பார்த்தான் சித்தார்த்தன்.

"டிஷ் கம்பெனில போனு வெச்சிருக்கக் கூடாதா? நல்லாருக்குடா கத" என்றார் சகாதேவன். பிறகு அவரே குரலைத் தணித்து, "உங்கப்பன் வேற மாதிரி சொன்னாரு. வானத்துக்கு ஈசிஜி எடுக்கறா என் பொண்ணுன்னு" என்றார்.

அவள் கொடுத்துவிட்டுப் போன அலுவலக எண்ணில் ஒரு காவலாளிதான் எடுத்தார். இந்தியும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். பெயரைச் சொன்னதும் புரிந்துகொண்டார். "ஃபாதர்? சீரியஸ்? ஆர் எக்ஸ்பயர்டு?"

சகாதேவன் அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"சீரியஸ்" என்றான் சித்தார்த்தன்.

வெளியூரில் இருக்கும் யாருக்கும் இந்தத் தெருவிலிருந்து சாவைச் சாவென்று சொன்னது கிடையாது. சீரியஸ், உடனே கிளம்பு என்பார்கள். அவ்வளவுதான். கேட்டவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார். சென்னையிலிருந்து வருகிறவர் கோயம்பேட்டிலேயே மாலையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். மரக்காணத்தில் இறங்கும்போது அழுதபடியே இறங்குவார். நிலாவும் இந்தத் தெருவில் பிறந்தவள்தான். உடனே விமானத்தில் கிளம்பினால் இரவுக்குள் வந்துவிடலாம். வந்து அப்பா முகத்தைப் பார்த்துவிடலாம். அதற்குத்தான் இவ்வளவும்.

"விடிகாலைல உப்பு வாரும்போது நெஞ்சு வலின்னாராம். பாத்தியிலயே வுழுந்துட்டாரு" என்றான் இப்போது நிலாவிடம்.

"இப்ப எப்பிடி இருக்காரு?"

"சீரியஸ்."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தி, சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கேட்டுக்கொண்டே போனாள். கேட்ட கேள்வியைக் காலியாக விட சித்தார்த்தனுக்கு வராது. சாயங்காலம் போகும் டேலி கணக்கு வகுப்பிலும் அவனைப் பற்றி அதைத்தான் சொல்வார்கள்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"பாண்டியில."

"ஐசியூவா?"

"ஆமா."

"ஈசிஜி பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ஒரு நாள் போவட்டும், அப்பறம் சொல்றேன்னாரு டாக்டரு. பிபி இப்ப பரவால்லயாம்."

சகாதேவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னா அது, உர்ருன்னு ஒரு சத்தம்?"

சித்தார்த்தன் ஐஸ் பெட்டியைப் பார்த்தான். "ஏசி."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "அண்ணா, இன்னிக்கு மத்தியானம்தான் எனக்குக் குடுத்த நேரம். ஆன்டெனாவ எந்தப் பக்கம் திருப்பணும்னு நானே சொல்லி, நானே பாக்கணும். இந்த ரெண்டு மாசத்துல எனக்கு இது ஒண்ணுதான். முடிஞ்ச ஒடனே கெளம்பினா நாளைக்கு மத்தியானம் அங்க இருப்பேன். இல்ல, இப்பவே வுட்டுட்டு வரணுமா? நீ சொல்லு."

எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வா வா என்று காற்றில் கையை இழுத்துக் காட்டினார்.

"வந்துடு நிலா" என்றான். அந்தப் பக்கம் அவள் விசும்புவதுபோல் இருந்தது. அது தாங்காமல், "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சேர்த்துச் சொல்லிவிட்டான்.

"ஒண்ணுமில்லயே? அப்ப முடிச்சிட்டே வந்துடறேன். அப்பா முழிச்சிருக்காரா?"

"தூங்கறாரு."

"பரவால்ல. காதுல வையி."

ஐஸ் பெட்டியின் மூடியை சித்தப்பா மகன் ராஜ்கமல் தூக்கிப் பிடித்தான். குளிர் கையில் ஏறியது. தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைச் சித்தார்த்தன் ஒரு விரலால் சற்று நகர்த்தினான். காதுக்குப் பின்னால் உப்பு வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. போனை அங்கே வைத்துக் குனிந்து நின்றான். அவ்வளவு பேர் இருந்தும் தெரு சத்தமில்லாமல் இருந்ததால் அவள் பேசியது அவனுக்குக் கேட்டது.

அவள் பேசி முடித்ததும் போனை எடுத்தபோது இணைப்பு போயிருந்தது. மேளக்காரர்கள் மறுபடி ஆரம்பிக்கலாமா என்று தெரியாமல் பார்த்தார்கள்.

"கெளம்பிட்டாளா?" என்றார் சகாதேவன்.

"நாளைக்கு மத்தியானம் வர்றாளாம்."

"நாளைக்கா? டேய், சீரியஸ்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னனே."

"சொன்னா புரிய வேணாமா? அவ்ளோ படிச்ச பொண்ணு."

அம்மா ராசம்மாள் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். "நாம சொன்னத நம்பிடுச்சி" என்றாள். பிறகு சித்தார்த்தனைப் பார்த்து, "அவருகிட்ட என்னா சொன்னா?" என்று கேட்டாள்.

"ஊசி போடும்போது கத்தாதப்பா, நர்சம்மா திட்டும்னு."

ராசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அதை அழுகை என்று நினைத்து அவளைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தாள். மேளமும் ஆரம்பித்தது.

சித்தார்த்தன் தோட்டத்துப் பக்கம் போய் அலுவலக எண்ணுக்கு மறுபடி அடித்தான். அதே காவலாளி. மேடம் உள்ளே போய்விட்டார், என்ன செய்தி சொல்ல என்று கேட்டார். எக்ஸ்பயர்டு என்ற அந்த ஆங்கிலச் சொல் நாக்கில் தயாராக இருந்தது. பின்னாலேயே வந்துவிட்ட ராசம்மாள் தலையை ஆட்டினாள்.

"வேணாண்டா. அவ்ளோ தூரம் தனியா வர்ற புள்ள. வழியில மயங்கி வுழுந்தா யாரு தூக்குவா?"

"நோ மெசேஜ்" என்று வைத்துவிட்டான்.

"நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கச் சொல்லு" என்றாள் ராசம்மாள். "அவ வந்து பாக்கட்டும்."

சகாதேவன் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு சனிக்கெழம அண்ணி. சனிப் பொணம் தொணை தேடும்."

"தொணைக்குப் பாடையில கோழிக்குஞ்சு கட்டி எடுங்க."

"அது சனிக்கெழம செத்தா. வெள்ளிக்கெழம செத்தவர வேணும்னே சனிக்கெழமக்கி வெச்சிருந்து எடுத்தா தெருவுல வுடுவாங்களா? எதுத்த வூட்ல அர்ச்சுனன் ரெண்டு மாசமா படுத்துக் கெடக்கறான். நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா நம்ம வூட்டுத் தலையிலதான் வெடியும்."

எதிர்வீட்டு வாசலில் அர்ச்சுனனின் மனைவி தையல்நாயகி நின்றுகொண்டிருந்தாள். பேச்சு காதில் விழுந்திருக்கும். உள்ளே போய்விட்டாள்.

ராசம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் சொன்னால் ஒருவேளை நடக்கும். பெரியவன், கொள்ளி வைக்கப் போகிறவன். சித்தார்த்தன் தையல்நாயகி போன வாசலைப் பார்த்தான்.

"பொழுதோட எடுத்துடலாம்மா" என்றான்.

அதற்குப் பிறகு அம்மா அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

அவனுக்கு வேலை இருந்தது. ராஜ்கமலைத் தேடிப் போனான். "ஸ்டேட்டஸ்ல போட்டுட்டியா?"

"காலைலயே போட்டேண்ணா. நெறைய பேரு பாத்துட்டாங்க."

"நிலா?"

ராஜ்கமல் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "இல்ல. அவ போனுதான் ஆஃபாச்சே."

"எடுத்துடு. போட்டவங்க எல்லாரையும் எடுக்கச் சொல்லு. பஸ் ஸ்டாண்டுல பேனரு கட்டாத."

"அடிச்சி வந்துடுச்சேண்ணா. பெரிப்பா போட்டோ சூப்பரா வந்திருக்குது. பஸ் ஸ்டாண்டுல கட்டாம வூட்டுக்குள்ளயா கட்டுவாங்க?"

"அவ வந்தப்பறம் கட்டிக்கலாம்."

வெயில் தாழ்ந்ததும் எடுத்தார்கள். உப்பளத்தில் வேலை முடித்தவர்கள் கால் கழுவாமலே வந்து சேர்ந்துகொண்டார்கள். சுடுகாட்டில் நாவிதர் சித்தார்த்தனை உட்காரவைத்துத் தலையையும் மீசையையும் வழித்தார். முகத்தை மூடும்போது, பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்டியான் சத்தமாகச் சொன்னார். யாரும் வரவில்லை. அவர் மறுபடியும் ஒருமுறை சொன்னார்.

எல்லாம் முடிந்து மோட்டார் கொட்டகையில் குளித்துக்கொண்டிருந்தபோது நிலா அழைத்தாள். ராஜ்கமல் போனை அவன் காதில் பிடித்தான்.

"முடிஞ்சிதுண்ணா. நல்லா வந்திருக்குது. கொஞ்சங்கூட வெளிச் சத்தம் கலக்கல. சாரே பாத்துட்டுச் சொன்னாரு. பஸ் ஏறிட்டேன், காலைல பெங்களூரு. அப்பா எப்பிடி இருக்காரு?"

வழித்த தலையிலிருந்து தண்ணீர் நேராகக் கழுத்தில் இறங்கியது.

"அப்பிடியேதான் இருக்காரு" என்றான்.

பெங்களூரிலிருந்து திண்டிவனத்தில் இறங்கி, பாண்டிக்கு மாறாமல் மரக்காணம் பஸ்ஸில் வந்துவிடச் சொல்லியிருந்தான். தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னான். மறுநாள் மத்தியானம் ராஜ்கமலின் பைக்கையும் ஹெல்மெட்டையும் வாங்கிக்கொண்டு மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டிருந்தான். உள்ளே மொட்டைத் தலை வியர்த்து வழுக்கியது. முதலில் எதைச் சொல்வது, பிறகு எதைச் சொல்வது என்று வழியெல்லாம் அடுக்கிப் பார்த்திருந்தான். பஸ் வந்து நின்றபோது ஒரு வாக்கியமும் மிச்சமில்லை.

முதுகில் ஒரு பையும் கையில் மாதுளம்பழப் பையுமாக நிலா இறங்கினாள். பைக்கைப் பார்த்து அடையாளம் கண்டு வந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லவே இல்லயேண்ணா. ரிப்போர்ட்டு வெச்சிருக்கியா?"

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டைத் தள்ளிவிட்டான்.

"என்னா, ஹெல்மெட்டெல்லாம்?"

சுற்றிலும் பஸ் சத்தம், பூ விற்கிறவர்களின் சத்தம். அவள் கிட்டே வந்தாள். கண்ணாடியில் அவளுக்குத் தன் முகம்தான் தெரிந்திருக்க வேண்டும். விரலை வைத்து அதை மேலே தூக்கினாள். அவன் கண்களைப் பார்த்தாள். பிறகு மீசை இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே தோல் வெளுப்பாக, ஒரு வெட்டுக் காயத்தோடு இருந்தது.

நிலா கண்ணாடியை மெதுவாக இறக்கிவிட்டாள். பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சித்தார்த்தன் வண்டியை உப்பளச் சாலைப் பக்கம் திருப்பினான்.