நேற்றைக்குப் போன கணினி

அவர் கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு கோப்பை பிளேன்ரீ. கடைசியாகத் திட்டியது அன்ரிவைரசை.

"தனு, இந்தச் சனியன் மறுகாவும் அப்டேற் பண்ணிப்போட்டு ஒண்டையும் திறக்க விடுதில்ல. அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடப்போறன். சீனியக் கூடப் போடு, கோபம் வருகுது."

"சீனி போட்டாக் கோபம் போகுமா?"

"போகாது. ரீயாவது நல்லாயிரிக்கும்."

அந்தக் கிழமை முழுக்க அவருக்கு இதுதான் வேலை. அப்டேற் வரும், கணினி உறைந்துபோகும், அழிப்பார், போடுவார், மீண்டும் அப்டேற் வரும். கள்ளனைப் பிடிக்க வைத்த காவல்காரன் வீட்டுக்காரனையே வாசலில் மறிக்கிறான் என்று சொல்லிச் சொல்லியே திரும்பவும் அவனையே வேலைக்கு வைப்பார்.

நான் தேநீரோடு வந்தபோது திரையில் பச்சைக் கோடு பாதித் தூரம் ஓடியிருந்தது. அவர் கதிரையில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. அயலவர்கள் ஓடிவர, வைத்தியசாலைக்கு ஏற்றிக்கொண்டு போனோம். அங்கிருந்து அவருடைய உடலைக் கொண்டுவருவதற்குள், கூடத்தை ஒதுக்க நின்றவர்கள் கணினியை மூலைக்குத் தள்ளி வயரைப் பிடுங்கியிருந்தார்கள். பச்சைக் கோடு பாதியிலேயே நின்றுபோனது.

அந்த வயரால் ஊரே அல்லோலகல்லோலப்படும் என்று யாருக்குத் தெரியும்?

என் கணவர் உதயரூபன் எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் மரண அறிவித்தல் சொல்பவர். யாராவது இறந்தால் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார். ஆரம்பத்தில் மைக்கைப் பிடித்து நேரடியாகத்தான் சொன்னார். தொண்டை பழுதாகத் தொடங்கியதும் அவருடைய தம்பி பிரதீஸ், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். அண்ணனின் குரலைத் துண்டு துண்டாகப் பதிந்து அதற்குள் போட்டான். ஊராரின் பெயர்கள், உறவுமுறைகள், நேரங்கள், மயானங்கள். விவரத்தைத் தட்டிக் கொடுத்தால் அது கோர்த்துச் சொல்லும். ஒரு பெயர் விடுபட்டால் இறந்தவர் மன்னித்தாலும் மருமக்கள் மன்னிக்கமாட்டார்கள் என்பதால், பிறந்த குழந்தைகளின் பெயரைக்கூட உடனுக்குடன் பதிந்துவைப்பார். ஊரில் பிறப்புப் பதிவு பிந்தலாம், இந்தப் பதிவு பிந்தாது.

காலப்போக்கில் அவர் சொன்னால்தான் மரணம் உறுதி என்றாகிவிட்டது. வைத்தியர் எழுதிக் கொடுத்தாலும், "இன்னும் உதயன் சொல்லயில்லியே" என்பார்கள்.

அன்று பின்னேரம், கோயில் நிருவாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் அழகரத்தினம் மாமா பந்தலுக்குள் நின்று கேட்டார்:

"நாளைக்கு நல்லடக்கம். அறிவித்தலுக்கு ஆரு மனே?"

யாரோ பக்கத்து ஊர் டிலக்சனைச் சொன்னார்கள். டிலக்சன் லொத்தர் சீட்டுக்கும் ஐஸ்கிறீமுக்கும் அறிவிப்புச் செய்பவன். சாவுக்கும் அதே உற்சாகத்தோடு, பின்னால் புல்லாங்குழலும் வைத்துச் சொல்வான்.

"அவன் வேணாம்" என்றேன். "ஊர்ல எல்லாருக்கும் இவர்தான் சொன்னவர். இவருக்கும் இவரே சொல்லட்டும்."

மாமாவுக்கு அது நியாயமாகப் பட்டது. தன் முறை வரும்போதும் உதயன் குரலில்தான் போகவேண்டும் என்று அவர் எப்போதோ சொல்லிவைத்தவர். தன் பட்டங்கள் எல்லாவற்றையும் இருந்து பதிவித்தவரும்கூட.

பிரதீஸ் கண்களைத் துடைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். ஒரு பக்கம் அண்ணனின் உடல், மறு பக்கம் அண்ணனின் கணினி. கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பினான்.

"மச்சாள், அன்ரிவைரஸ் நம்மட புரோகிராம வைரஸ் எண்டு பிடிச்சுத் தனிமைப்படுத்திப் போட்டுது."

"வெளிய எடு."

"எடுக்கிற பக்கம் திறபடுதில்ல. அரைவாசிதானே போட்டுக் கிடக்கு."

"அப்ப முழுசாப் போடு."

"ஏற்கெனவே போட்டிரிக்காம்."

"அப்ப அழி."

"முழுசாப் போடாததை அழிக்க ஏலாதாம்."

வண்ணக்கர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னடா இது, கோயில் நிருவாகசபை மாதிரிக் கதைக்குது?"

என் அலுமாரியில் புரோகிராமின் பிரதி ஒன்று பென் டிரைவில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். செருகினான். பாதி உயிரோடு கிடந்த அன்ரிவைரசுக்கு அதற்கு மட்டும் முழு உயிர் வந்தது. ஒரு மணிச்சத்தம். பிரதியையும் பிடித்துத் துப்புரவாக அழித்துவிட்டு, உங்களைக் காப்பாற்றிவிட்டோம் என்று அறிவித்தது.

பிரதீஸ் போனில் தேடி, அதை வேரோடு பிடுங்கும் கருவி ஒன்றை இறக்கினான். அது உடனே வேலையைத் தொடங்கியது. அவன் திரையில் வந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான்.

"'உங்களைப் பிரிவது எங்களுக்கு மிகுந்த வருத்தம்' எண்டு போட்டிரிக்கு."

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த ஆச்சிப்பிள்ளை மாமி நிமிர்ந்தாள். "ஆரு மனே அனுப்பின? கனடாவில இரிக்கிற நம்மட சொந்தக்காரனா?"

"இல்ல மாமி, அன்ரிவைரஸ்."

"அதுக்கிரிக்கிற மனச்சாட்சி கனடாக்காரனுக்கு இல்லையே!" என்று மாமி ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பிரிவதற்கான காரணத்தையும் அது கேட்டது. விலை அதிகமா, வேகம் குறைவா, வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? அதன் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. பிரதீஸ் அதை மெதுவாகச் சொன்னான்.

"அழிச்சா, தனிமைப்படுத்தினதெல்லாம் அதோட போயிருமாம். திரும்ப எடுக்க ஏலாதாம்."

அவனுடைய விரல் சுட்டியின்மேல் இருந்தது. அதை விலக்கினேன். எத்தனையோ வருடத்துக் குரல் அதற்குள் கிடந்தது. என் பெயரும் அதற்குள் இருந்தது.

"வேற வழி?"

பிரதீஸ் சுட்டியைத் திரும்பப் பிடித்தான். "கொம்பியூட்டரப் பழைய நாள் ஒண்டுக்குக் கொண்டு போகலாம். அண்டைக்கு எப்பிடி இரிந்ததோ அப்பிடி வரும். சில நேரம் வராமலும் போகும்." ஒரு பட்டியலைத் திறந்தான். எல்லாம் திகதிகள். "எந்த நாளுக்கு மச்சாள்?"

கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரைக்குக் கிட்ட வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு நாள் மனதில் இருந்திருக்கும்.

"நேத்தைக்கு" என்றேன்.

கணினி அணைந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. மாமா மூன்று தரம் வந்து எட்டிப்பார்த்தார், நான்காம் தரம் டிலக்சனுக்கு போன் பண்ணட்டுமா என்று கேட்டார். அப்போது திரை வெளிச்சமானது. அன்ரிவைரஸ் முழுதாக, எதுவும் நடக்காததுபோல் நின்றது. அடுத்த அப்டேற் வருமுன் பிரதீஸ் அவசரமாக இணைய வயரைக் கழற்றினான், சிறையைத் திறந்தான், புரோகிராமை வெளியே எடுத்தான். அந்த வீட்டில் நேற்றைக்குத் திரும்பிப்போக முடிந்தது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான்.

ஓட்டோ வாவிக்கரை வீதியால் கிறுகி எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெரியகல்லாற்றைப் பிறப்பிடமாகக் கொண்ட உதயரூபன் காலமானார் என்று உதயரூபன் சொன்னார். தனுஷியாவின் அன்புக் கணவரும் என்று சொன்னார். என் பெயர் என் அப்பா இறந்தபோது பதிந்தது. 'அன்புக் கணவரும்' வேறு யாருக்காகவோ சொன்னது. இரண்டையும் கோர்த்த இடத்தில் ஒரு சிறு இடைவெளி. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

நேரம், மயானம் எல்லாம் முடிந்தபின், எந்த அறிவித்தலுக்கும் அந்தப் புரோகிராம் தானாகவே ஒட்டிவிடும் கடைசி வரியும் வந்தது.

"தகவல் தருபவர், உதயரூபன்."

வேலியோரம் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் அழுதார்கள். வண்ணக்கர் மட்டும் முகம் சுளித்தார்.

"இது முறையில்ல புள்ள. செத்தவன் எப்பிடித் தகவல் தாறது? அதை எடுக்க ஏலாதா?"

"எடுக்கலாம் மாமா" என்றான் பிரதீஸ். "ஒரு நிமிச வேலை."

"இரிக்கட்டும்" என்றேன்.

கணினிக்கு இப்போது இணையம் இல்லை. நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள் என்று அன்ரிவைரஸ் காலைதோறும் சொல்கிறது. அழகரத்தினம் மாமா இடைக்கிடை வந்து, எல்லாம் வேலை செய்கிறதா என்று விசாரித்துவிட்டு நிம்மதியாகப் போகிறார். புதிதாகப் பிறந்தவர்களின் பெயர்களைச் சொல்ல ஆளில்லை. அவற்றை அறிவித்தலில் 'பேரப்பிள்ளைகள்' என்று பொதுவாக விடுகிறோம், மருமக்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஊரில் யார் இறந்தாலும், தகவல் தருபவர் உதயரூபன்.