இறங்கும்போது இருபத்தெட்டு

1.
முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஜப்பானில், நிக்கோ மலையுச்சியின் வண்டி நிறுத்தத்தில். இலையுதிர் காலத்தில் சிவந்த இலை பார்க்கப் போயிருந்தேன். வயதான ஓர் அம்மா கார் சாவியை இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார். பார்த்தது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2.
'மேப்பிள் மரங்கள் தீப்பற்றி எரிவதுபோல—' வேண்டாம். இந்த மலையை ஏற்கெனவே எல்லோரும் கொளுத்திவிட்டார்கள்.

இன்னொரு தொடக்கம்: கிளம்பும்போதே தொமியே முறைத்துக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியவர்கள் காரின் பின்னால் ஒட்டும் இலைச் சின்னத்தை அவள் கணவர் ஷிகெஹாரு பிய்த்து வீட்டிலேயே போட்டுவிட்டார்.

"எலை பாக்கப் போற வண்டிக்கு எதுக்குடி இன்னொரு எலை?"

"எழுபத்தாறு வயசுல எதுக்குங்க இந்த வீம்பு?"

(இது ஓடும்.)

3.
ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்; இறங்குவதற்கு வேறு பாதை. ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எழுத்து, பலகையில் எழுதி நட்டிருக்கும்.

"பலகை வந்ததும் சத்தமா வாசி, தொமியே. கல்யாணமான புதுசுல வாசிச்சியே, அந்த மாதிரி."

அவளும் ஆரஞ்சுச் சுளையை அவர் வாயில் ஊட்டிக்கொண்டே வாசித்தாள். ஒன்றை மட்டும் கொஞ்சம் தாமதமாக வாசித்தாள். பக்கக் கண்ணாடி பாறையில் உரசியது.

"பேச்சு சுவாரசியத்துல கோட்ட விட்டுட்ட பாத்தியா!" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

[அவளை இங்கே சிரிக்க விட்டிருக்கக் கூடாது. அந்த வரியை மூன்று முறை அடித்துப் பார்த்தேன். மறுபடியும் சிரிக்கிறாள்.]

4.
உச்சியில் இறங்கினார்கள். முந்தாநாள் அடித்த காற்றில் இலையெல்லாம் கொட்டி, எதிர்ச்சரிவு மொட்டையாகக் கிடந்தது. ஷிகெஹாரு தடுப்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவைத்தான் பார்த்தார்.

"அடேயப்பா, போன வருஷத்த விட என்னா செவப்பு!"

தொமியே மொட்டைச் சரிவையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்கு வாசிக்கச் சொல்லவில்லை. அவள் வாயை நம்பித்தான் இருபது வளைவும் திருப்பியிருக்கிறார்.

கழிப்பறைக்குக் கிளம்பியவர் சாவியை அவள் கையில் திணித்தார். "எறங்கும்போது இருபத்தெட்டு. இந்தத் தடவ தூங்கிடாத."

* அவளுக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் தன் உரிமத்தைப் போன வருஷமே திருப்பிக் கொடுத்துவிட்டாள், அதைப் பார்த்து அவரும் கொடுப்பார் என்று. அவர் கொடுக்கவில்லை.

5.
முடிவு ஒன்று: பேருந்தில் போகிறார்கள். அவர் அவளிடம் பேசுவதே— (பேசுவார். எத்தனை மாதம் கழித்து என்று எனக்குத் தெரியவில்லை.)

முடிவு இரண்டு: அவள் வாசிக்கிறாள். முதல் பலகை. இரண்டாவது. மூன்றா—

மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இறங்கும் பாதையை நான் எழுதினால் அவர்தான் ஓட்டியாக வேண்டும்.

இதோ, ஷிகெஹாரு திரும்பி வருகிறார். கையை முன்னால் நீட்டிக்கொண்டு வருகிறார்.

"எங்க நிக்கிற? சாவியக் குடு."

தொமியே சாவியை இறுக்கிப் பிடிக்கிறாள். பத்தடி தூரத்தில்தான் நிற்கிறாள். பேருந்து வர இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது. அதுவரை நீங்கள் அவரிடம் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள்.