குலசேகரத்தின் கடைசிக் கூட்டம்

"அடுத்ததாக..." என்று ஊர்ச் சங்கச் செயலாளர் சவிரிமுத்து மைக்கை வாய்க்குக் கிட்ட இழுத்தபோது, அருமைநாயகி திறந்திருந்த சவப்பெட்டியைப் பார்த்தாள். அவள் புருசன் குலசேகரம் கோட்டும் கழுத்தில் ரையுமாக, கூட்டத்துக்குப் புறப்பட்டவர்போலவே அதில் கிடந்தார்.

தகனசாலை கொடுத்த அரை மணித்தியாலத்தைப் பேச்சே தின்றுகொண்டிருந்தது. பழைய மாணவர் சங்கம் பேசியாயிற்று. வர்த்தகர் சங்கம் பேசி, அழுதும் ஆயிற்று.

"ஆர் வந்தாலும் இருத்திவைச்சுக் கதைக்கிற மனுசன். எங்கட கவுன்சிலர்!" என்றார் ஒருவர்.

அருமைநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோர்ண்டன் ஹீத்திலிருந்த தங்கள் கடையை இவ்வளவு காலமும் திறந்து பூட்டியவள் அவள். கடை அவளுக்கு, மேடை அவருக்கு. ஊராரின் விசாவுக்கும் வீட்டுக்கும் அரசாங்க பெனிபிட் காசுக்கும் ஓடித்திரிந்தவருக்கு, அவளோடு கதைக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாளும் கட்டிலைச் சுற்றிக் கட்சிக்காரர்தான். தேத்தண்ணிப் போத்தலோடு கதவடியில் நின்றவளுக்கு, அவர் போய்விட்டதைத் தாதி வந்துதான் சொன்னாள்.

இன்றைக்காவது கிட்டப்போய் வாய்க்கரிசி போட்டு, அந்த முகத்தை ஒருக்கால் தொடவேண்டும். ஊரிலென்றால் பெண்கள் படலை வாசலோடு நின்றுவிடவேண்டும். இந்த வெளிநாட்டில் கடைசிவரை கூட வரலாம் என்பதையே அவள் பெரிய ஆறுதலாக நினைத்திருந்தாள்.

பேச்சு முடிந்ததும் மகள் சிவகௌரி, "அம்மா, இப்ப போங்கோ," என்று எழுப்பிவிட்டாள். ஐயர் அரிசியை அள்ளிக் கையில் கொடுத்தார்.

சவிரிமுத்து மறித்தார். "கொஞ்சம் பொறுங்கோ அக்கா. பெரியாக்கள் முதல் போடட்டும். கட்டின மனுசி கடைசியாப் போடுறதுதானே முறை."

விருந்தினராக வந்திருந்த வெள்ளைக்கார மேயர் அரிசியை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். எப்படிப் போடுவதென்று அவருக்குக் காட்டி, படமும் எடுத்தார்கள். பிறகு சங்கத் தலைவர்கள் வந்தார்கள். பழைய தலைவர்களும் வந்தார்கள். ஆளுக்கொரு படம்.

தகனசாலைக்காரன் வந்து கைமணிக்கூட்டைத் தட்டிக் காட்டினான். வெளியே அடுத்த பிரேத வண்டி வந்து நின்றது.

"அம்மா இன்னும் போடேல்லை!" என்று சிவகௌரி கத்தினாள்.

"வெள்ளைக்காரன் நேரம் தரமாட்டான் பிள்ளை. மனசுக்குள்ள போடட்டும்," என்றார் சவிரிமுத்து.

பெட்டியை மூடினார்கள்.

சவிரிமுத்துவுக்கு எந்தக் கூட்டமும் முறைப்படி முடியவேண்டும். மைக்கோடு அருமைநாயகியிடம் வந்தார்.

"சுருக்கமாச் சொல்லுங்கோ அக்கா. நன்றியுரை நீங்கள்தான்."

"ஆருக்கு?"

"வந்த எல்லாருக்கும்."

அவள் மைக்கை வாங்கினாள். மற்றக் கையில் பொத்தியிருந்த அரிசி வியர்வையில் ஊறியிருந்தது. மண்டபம் அடங்கியது. அவள் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது.

பின்வரிசையில் யாரோ பழக்கத்தில் கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள்.