பிய்த்த பிளாஸ்திரி

அண்ணன் செத்துப்போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவனும் தம்பியும் மூன்று வருடம் முதுகு ஒடிய எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரே ஒரு ஃபிளாப்பியில் இருந்தது. பழைய ஃபிளாப்பிகளில் கிடந்ததெல்லாம் போன வருடத்து அரைகுறை.

வீட்டில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் அப்போதுதான் கடைக்கு வர ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் பெட்டியை ஓட்ட ஒரு சிஸ்டம் தேடி அலைந்தது. அதில் ஒரு கம்பெனி இன்று பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தது. ஓட்டிக் காட்டாவிட்டால் நாளைக்கே வேறு யாருடையதையாவது எடுத்துக்கொள்வார்கள். அண்ணனின் மூன்று வருடமும் குப்பைக்குப் போகும்.

அண்ணனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. மூல ஃபிளாப்பியின் ஓரத்திலுள்ள சின்ன வெட்டை எப்போதும் வெள்ளைப் பிளாஸ்திரியால் மூடி வைப்பான். மூடியிருந்தால் அதன்மேல் எதையும் எழுத முடியாது.

"அதுக்கென்ன அடிபட்டுடுச்சா, கட்டுப் போட்டிருக்கே?" என்று தம்பி கிண்டல் பண்ணுவான். அண்ணன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

அந்தப் பிளாஸ்திரியை நேற்று பிய்த்தது தம்பிதான். கெட்ட எண்ணம் இல்லை, பாவம். சிஸ்டம் கிளம்பும்போது முதல் வரியில் அண்ணன் பேர் வரட்டும் என்று ஆசைப்பட்டான். பேரைச் சேர்த்தான். திரும்ப ஒட்ட மறந்துவிட்டான்.

காலையில் அவனுக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று நகல் எடுக்க உட்கார்ந்தான். பெட்டியில் ஃபிளாப்பி போட ஒரே வாய். மூலத்தைப் போடு என்று திரை கேட்கும், கொஞ்சம் படிக்கும். புதியதைப் போடு என்று கேட்கும், கொஞ்சம் எழுதும். இப்படிப் பல தடவை. இரண்டும் ஒரே கறுப்பு. அடையாளமாக இருந்ததே அந்தப் பிளாஸ்திரிதான். இரண்டு தடவை சரியாக மாற்றினான்.

மூன்றாவது தடவை அண்ணி கதவருகே வந்து நின்றாள்.

"தம்பி, அவரோட நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன். உனக்குச் சரியா இருக்கும்."

அவன் அவளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே கைக்கு வந்ததைச் செருகினான். அங்கிருந்து எல்லாம் தலைகீழ். வெற்று ஃபிளாப்பியைப் படித்து, அந்த வெறுமையை மூலத்தின்மேல் எழுதிக்கொண்டே போனது பெட்டி. சொன்ன வேலையை ஒழுங்காகத்தான் செய்தது சனியன்.

முடிந்தது என்று திரை சொன்னது. சரிபார்க்க ஒன்றைப் போட்டு ஓட்டினான். அண்ணன் பேர் வந்தது. அடுத்த வரி வரவில்லை. மற்றதைப் போட்டான். அதிலும் பேர், அதோடு சரி. முதல் இரண்டு தடவையில் தப்பிய ஆரம்பத் துண்டு மட்டும்தான் இரண்டிலும் மிச்சம்.

அண்ணி சட்டையோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அது அவர் பேரா தம்பி?"

"ஆமா அண்ணி."

"இதைத்தான் இன்னைக்கு அவங்களுக்குக் காட்டப் போறியா?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்தேகால் ஆகியிருந்தது. பெட்டியை அணைக்கக் கை நீட்டினான்.

"இரு, அணைச்சுடாதே." அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நீ கிளம்பற வரைக்கும் பார்த்துட்டு இருக்கேன்."