பேர் சொல்லாத சகோதரருக்காக

“அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருந்த விஷயம்டி—”

“நானும் ஆண்டவர்கிட்டதாங்க சொன்னேன்!”

“அவர்கிட்ட சொல்றதுக்கு எட்டுப் பொம்பளைங்க எதுக்கு?”

“கூடி ஜெபிச்சா பலம் அதிகம்னு—”

“பலமா? இன்னிக்குக் காலையில அந்தப் பலம் ஒண்ணொண்ணா வந்து என்னைப் புடிச்சிருச்சு!”

பஸ் டிரைவர் இன்னும் சீருடையைக் கழற்றவில்லை. சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். கண் பரிசோதனையில் தேறாமல், டிப்போவில் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு மூன்று வாரமாகிறது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போவதுபோல் போய்ப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். பெஞ்சுக்குப் புதிதாக அடித்த பச்சைப் பெயிண்ட் ஒரு நாள் முதுகில் வரிவரியாக ஒட்டிக்கொண்டு வந்தது. துவைக்க எடுத்த மனைவி டிப்போவுக்குப் போன் போட்டாள். விஷயம் தெரிந்தது.

நேரே கேட்டால் மனுஷன் ஒடிந்துபோவார் என்று, தனக்குத் தெரிந்த யாரோ ஒருவர் கதைபோல ஜெபக் குழுத் தலைவியிடம் சொன்னாள். டீச்சர் என்றுதான் எல்லோரும் அந்த அம்மாவைக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அதட்டல் மட்டும் ஓய்வு பெறவில்லை. அந்தக் குழுவில் யாருக்காக ஜெபம் என்று பேர் சொல்லும் வழக்கமில்லை. “வேலை போனதை மனைவியிடம் மறைத்துப் பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சகோதரருக்காக” என்று டீச்சர் அறிவித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பெண்களுக்கெல்லாம் ஒரே கலக்கம்: அந்தச் சகோதரர் நம்ம ஆளா இருக்குமோ?

“மொதல்ல பேக்கரிக்காரம்மா வந்தாங்க. புருஷனைத் தேடிப் புதரையெல்லாம் விலக்கிப் பாக்குறாங்க. அந்த மனுஷன் பாவம், கடையில அடுப்பு முன்னாடி வெந்துகிட்டிருக்காரு. அப்புறம் தபால்காரர் சம்சாரம். அப்புறம் மருந்துக்கடை அம்மா. என்னைப் பாத்ததும் ஒவ்வொருத்தரும் ‘ஸ்தோத்திரம்’னு நெஞ்சுல கை வச்சாங்க. என் பொழப்பு போனதுல அவங்களுக்கு அவ்வளவு நிம்மதி!”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்கிறியா?”

“இருமலுங்க.”

“சிரி, சிரி. உன் ஆண்டவரும் சிரிப்பாரு. வண்டி ஓட்டுறவனாப் பாத்துத்தான் கண்ணைப் புடுங்கணுமா? எழுதிப் பொழைக்கிறவன் எவனும் அகப்படலையா அவருக்கு?”

“அதை அவர்கிட்ட கேட்டீங்களா?”

“தினமும் கேட்டேன். அவரு வாயே தொறக்கல. பக்கத்துல இருந்த ஆளுதான் ஏதாவது சொல்வாரு.”

“எந்த ஆளு?”

டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எந்த ஆளுங்க?”

“மொத நாளு... நான் பூங்காவுக்குன்னு கெளம்பல. அதைத் தாண்டி ஆத்துப் பாலம் இருக்குல்ல, அங்கதான் போனேன்.”

மனைவியின் இருமல் நின்றுவிட்டது.

“வழியில பெஞ்சு. ஒரு ஓரத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்தாரு. பக்கத்துல காலியா இருந்த எடத்தைப் பாத்து, ‘ஆண்டவரே, கொஞ்சம் நகந்து உக்காரும், புது ஆள் வந்திருக்கு’ன்னாரு. கிறுக்கனோன்னு நெனச்சேன். ஆனா உக்காந்துட்டேன்.”

அவள் வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“யாருங்க அந்தப் புண்ணியவான்?”

“டீச்சர் வீட்டுக்காரரு.”

“கடிகாரம் ரிப்பேர் பண்றவரா? கடையை விட்டுட்டு அங்க என்ன வேலை?”

“கடையைப் பூட்டி ரெண்டு மாசமாச்சாம். கை நடுங்குது. எள்ளுத் தண்டி ஸ்க்ரூவை எப்படிப் புடிப்பாரு? டீச்சருக்குத் தெரியாது. இன்னிக்கு இவங்க படையெடுத்து வந்தப்ப மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டாரு. அப்புறம் வந்து, ‘எனக்குத் தைரியம் வராது, நீயாவது அவகிட்ட சொல்லிடேன்’னு கையைப் புடிச்சாரு.”

“சொல்லிட வேண்டியதுதானே?”

“டீச்சர்கிட்டயா? கண்ணைக் கட்டிகிட்டு மலை எறங்குன்னு சொல்லு, எறங்குறேன்.”

“அப்ப நான்—”

“நீ வாயைத் தொறக்காத. தொறந்தா நாளைக்குக் கடிகாரக் கடை வாசல்ல எட்டுப் பேரு நிப்பீங்க.”

“பெஞ்சுல நீங்க ரெண்டு பேரு இருந்தீங்கல்ல? ரெண்டு பேரு கூடினாப் போதும், அங்க ஆண்டவரும் இருப்பாருன்னு பைபிள்ல இருக்கு” என்றாள்.

“அவரு பேரைச் சொல்லியா கூடினோம்? பொண்டாட்டிக்குப் பயந்து கூடினோம்.”

“அதுக்கும் வருவாருங்க. அவரோட சீடருங்களே பயந்துபோய்க் கதவைச் சாத்திகிட்டு உள்ள இருந்தப்பதானே அவங்க நடுவுல வந்து நின்னாரு.”

கதவு தட்டப்பட்டது. யாரும் திறக்குமுன் டீச்சரே திறந்துகொண்டு வந்தார்.

“ஸ்தோத்திரம்! அந்தச் சகோதரர் யாருன்னு கர்த்தர் எனக்கு வெளிப்படுத்திட்டாரு!”

“பேக்கரிக்காரம்மா போன் பண்ணாங்களா டீச்சர்?” என்றாள் மனைவி.

டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. “தம்பி, வெக்கப்படாதீங்க. வேலை போறது பாவமில்ல. ஆனா கட்டினவகிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு. எங்க வீட்டுக்காரரை எடுத்துக்கோங்க. கல்யாணமான நாள்லேருந்து என்கிட்ட ஒண்ணுகூட மறைச்சதில்ல.”

மனைவி புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார். சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தார். அதைச் சுவரோரம் தள்ளினார். பிறகு சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“இங்க வந்து உக்காருங்க டீச்சர். அந்தப் பெஞ்சில நாங்க மூணு பேரு இருந்தோம். அதுல ஒருத்தரு உங்க வீட்டுக்காரரு.”