மாப்பிள்ளை வாங்கி வந்த சுவிட்ச்

கணபதி பகுதியில் உள்ள அரங்கசாமியின் பம்ப் பட்டறையில், வரைபடம் போடும் கம்ப்யூட்டரின் பவர் பட்டன் ஒரு திங்கட்கிழமை காலை உடைந்து உள்ளே விழுந்தது. பதினோரு வருடமாக அதில் வேலை பார்க்கும் சாஜிதா பேகம், "ஒரு சுவிட்ச் மாத்துனாப் போதுங்க சார்" என்றாள். அது காதில் விழுந்ததாகவே அரங்கசாமி காட்டிக்கொள்ளவில்லை. சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் மருமகன் யஷ்வந்துக்குப் போன் போட்டார்.

மதியம் யஷ்வந்த் வந்தான். கழுத்தில் கம்பெனி அட்டை. லீவு நாளிலும் அதைக் கழற்றமாட்டான். கழற்றினால் ஆளே இல்லை. கையில் பளபளவென்று ஓர் உருண்டைச் சுவிட்ச்.

"இம்போர்ட்டடுங்க மாமா. கார்ல போடறது."

சாஜிதா வாங்கி அமுக்கிப் பார்த்தாள். உள்ளே போனது உள்ளேயே நின்றது. மறுபடி அமுக்கினால்தான் மேலே வந்தது.

"ஏனுங்க, இது அப்படியே நின்னுக்குதே. கையெடுத்ததும் திரும்பி வர்றதுதானுங்க இதுக்கு வேணும்?"

"நீங்க கோடு போடறதை மட்டும் பாருங்கக்கா."

அரங்கசாமி சிரித்தார். மாப்பிள்ளை தும்மினாலும் சிரிப்பார்.

யஷ்வந்த் ஒயரை மாட்டி அமுக்கினான். ஃபேன் சுற்றியது. "பாத்தீங்களா?" என்று அவன் திரும்புவதற்குள் நின்றது. மூன்று தடவை முயன்றும் நாலைந்து நொடிதான் ஓடியது.

"மதர்போர்டு போச்சுங்க மாமா. புதுசு வாங்கிருங்க."

பட்டன் அமுங்கியபடியே நின்றால் நாலைந்து நொடியில் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும், இதுகூடத் தெரியாதவனுக்கா படித்தவன் என்ற பேச்சு என்று சாஜிதா அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து எதிரே கண்ணையாவின் எலெக்ட்ரிகல் கடைக்குப் போனாள்.

"காலிங் பெல் மாதிரி, அமுக்கி உட்டா திரும்பி வரோணுங்கண்ணா. சின்னதா இருக்கோணும்."

கண்ணையா நாலு வகை எடுத்துப் போட்டார். முதலாவது ஓட்டைக்குள் நுழையாது. இரண்டாவது கல்லாக இறுகிக் கிடந்தது. மூன்றாவது பாதியில் சிக்கியது. நாலாவதைக் காதருகே வைத்துப் பத்துத் தடவை அமுக்கினாள். ஒவ்வொரு தடவையும் ஒரே சத்தம். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. அதையே வாங்கினாள்.

அவளே ஒயரைப் பிரித்து மாட்டி, டேப் சுற்றி, ஒருமுறை அமுக்கினாள். கம்ப்யூட்டர் ஓடியது. நிற்கவில்லை.

யஷ்வந்த் எட்டிப் பார்த்தான். "லூஸ் காண்டாக்டா இருந்திருக்குங்க மாமா. நான் ஒயரை ஆட்டுனதுல சரியாயிருச்சு."

"அதானே! மாப்ள கை வெச்சா சும்மாவா? பாத்துக்க அம்மணி" என்ற அரங்கசாமி, மருமகனுக்கு டீயும் பஜ்ஜியும் சொன்னார்.

சாஜிதா இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நாலு மணிக்குள் பெருந்துறைக்கு அனுப்ப வேண்டிய வரைபடத்தைத் திறந்து, வேலையை ஆரம்பித்தாள்.