மூலிகை ஆராய்ச்சி

ஏணியில் நின்றவன் அஞ்சலிப் பதாகையின் ஒரு மூலையை வாசல் படலைத் தூணில் கட்டிவிட்டு மறு மூலையை இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் சீதேவிப்பிள்ளை அதை வாசித்தாள். தம்பியின் முகம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. எங்கோ ஒரு மாநாட்டில் எடுத்த படம். கழுத்துப்பட்டியை எப்போது கழற்றலாம் என்று யோசிக்கிறவன் போலச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புக்குக் கீழே, 'மூலிகை ஆராய்ச்சியாளர் கலாநிதி பேரின்பராசா' என்று சிவப்பு எழுத்தில் கிடந்தது.

"இத ஆரு எழுதின?"

ஏணியில் நின்றவன் வீட்டு வளவுக்குள் பார்த்தான். அங்கே பந்தல்காரரை அதட்டிக்கொண்டு நின்றார் சாமித்தம்பி. கோயில் வண்ணக்கர். கோயில் நிருவாகத்தை ஊர் அவரிடம் கொடுத்திருந்தது. பெரியகல்லாற்றுச் செத்தவீடுகளின் நிருவாகத்தை அவரே எடுத்துக்கொண்டார். ஆள் கண்ணை மூட முதல் பந்தலுக்குச் சொல்லிவிடுவார் என்பாள் சீதேவிப்பிள்ளை. அவளுக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். ஆகவே மற்றவர்களைவிட அவரை இகழ்வதற்கு அவளுக்கு உரிமை கூட.

"நான்தான் மச்சாள் எழுதிக் குடுத்த. மரியாதையா இரிக்கட்டுமெண்டு."

"அவன் எந்த மூலிகையப் படிச்சவன்? சொல்லுங்க பாப்பம்."

"எல்லாம் மூலிகைதானே," என்றவர், ஒலிபெருக்கிக்காரன் வந்துவிட்டான் என்று அங்கால் நடந்தார். வெள்ளைச் சட்டையின் பை ஒரு பக்கம் பாரமாகத் தொங்கியது.

பேரின்பராசா படித்தது கஞ்சாவை. ஸ்கொட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், தலை நரைக்கும் மட்டும் அதைத்தான் படித்தான். ஒருமுறை விடுமுறையில் வந்தபோது வளவில் நின்ற தென்னம்பிள்ளையைக் காட்டி அக்காவுக்கு விளங்கப்படுத்தினான்.

"இதுக்குக் குருத்து இரிக்கிற மாதிரி மூளைக்குள்ளயும் குருத்துக்கலம் இரிக்கக்கா. அதில இருந்து புதுசா மூளைக்கலம் வரும். கஞ்சாவில உள்ள சாமான் அந்தக் குருத்த வளக்குதா கருக்குதா எண்டு பாக்கிறதுதான் என்ட வேல."

"கிழடானாலும் வருமா?"

"எலிக்கு வரும். மனிசருக்கு வருமா எண்டு இன்னும் சண்டை பிடிக்கிறாங்க."

"இஞ்ச இரிக்கிற ஆக்களுக்கு வராது. நீ எலியோடயே இரி," என்றாள் அவள்.

அவள் சொன்னது சரியாய்ப் போயிற்று. அவனுக்கு ஏதோ விருது கிடைத்த வருசம், ஒரு பத்திரிகைக்காரன் 'கஞ்சாவால் உயர்ந்த மட்டக்களப்பு மைந்தன்' என்று தலைப்புப் போட்டுவிட்டான். சாமித்தம்பி அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு சந்தை, கோயில், மீன் வாடி என்று ஒரு இடம் விடாமல் காட்டினார். கீழே எழுதியிருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. அன்றைக்குத் தொடங்கியது 'கஞ்சா டொக்டர்' என்ற பெயர். அவன் வந்து நிற்கும் நாட்களில் அயலுக்குள் யாரும் அவள் வீட்டில் ஐஸ் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. பிரிட்ஜுக்குள் மூளை வைத்திருக்கிறான் என்று கதை. மீன் தலையைத் தவிர அதற்குள் வேறு தலை இருந்ததில்லை.

அம்மா செத்தபோதுதான் அந்தப் பெயர் வேலை செய்தது. ஒரே ஆண்பிள்ளை, விமானம் பிடித்து ஓடி வந்து வேட்டியும் கட்டிக்கொண்டு நிற்கிறான். சாமித்தம்பி பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, போதைப்பொருளில் கை வைத்தவன் தாய்க்குக் கடைசிக் கடமை செய்தால் கோயிலுக்கு ஆகாது என்றார். தர்க்கம் நடந்தது. வெயில் ஏறியது. பெட்டிக்குள் இருந்த அம்மாவைப் பார்த்துவிட்டுப் பேரின்பராசாதான் பின்வாங்கினான். கடமையைச் சாமித்தம்பியே செய்தார். மருமகன் முறை, செய்யலாம் என்றார்கள். சீதேவிப்பிள்ளை அதற்குப் பிறகு அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

வேலையில் ஓய்வுபெற்ற பிறகு தம்பி அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தான். கலியாணம் கட்டாதவன். வாவிப் பக்கம் பின்வளவில் கதிரையைப் போட்டுக்கொண்டு படிப்பான். ஒரு நாள் பொழுதுபடும் நேரம் பின்படலையைத் திறந்துகொண்டு சாமித்தம்பி வந்தார். முன்வாசலால் வர முகம் இல்லை. சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னத் தகர டப்பியை எடுத்துத் திறந்தார். உள்ளே கறுப்பாய் லேகிய உருண்டைகள். மனைவி போன பிறகு நித்திரை இல்லையாம். நாட்டு வைத்தியர் கொடுத்த மதனமோதகமாம். இரவைக்கு ஒன்று போட்டால்தான் கண் மூடுமாம். இப்போது நெஞ்சு படபடக்கிறதாம்.

பேரின்பராசா முகர்ந்து பார்த்தான். "இதுக்குள்ள கஞ்சாவெல்லா மச்சான் இரிக்கி."

"கஞ்சா இல்ல மச்சான். மூலிகை."

அதைச் சொல்லிச் சொல்லித் தம்பி இரவு முழுக்கச் சிரித்தான். ஆனால் மற்ற நாளும் வண்ணக்கர் வந்தார், அதற்கு மற்ற நாளும் வந்தார். அவன் நாடி பிடித்துப் பார்த்து, ஒன்றைப் பாதியாக்கச் சொல்லி, பாதியைக் காலாக்கச் சொல்லி, இரண்டாவது கதிரையும் போட்டுக் கொடுத்தான். இரண்டு பேரும் வாவியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அதிகம் கதைப்பதுமில்லை.

"அவரோட உனக்கு என்ன இருப்பு?" என்று அவள் ஒருநாள் சீறினாள். "அம்மாட பெட்டிக்குப் பக்கத்தில உன்ன நிக்க விடாத ஆளெல்லா?"

"அவருக்கு நித்திர வருகுதில்லக்கா," என்றான் அவன். அவ்வளவுதான் பதில். தம்பியை அவள் மனசுக்குள் மடையன் என்று திட்டியதும் அன்றைக்குத்தான்.

இப்போது அவன் பெட்டிக்குள் கிடக்கிறான். நேற்றுக் காலை அந்தக் கதிரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்கள்: மூளையைப் படித்த மனிசன் நெஞ்சைப் பார்க்காமல் விட்டுவிட்டாரே. சீதேவிப்பிள்ளை ஒவ்வொருத்திக்கும் தலையாட்டினாள். மூளையில் வந்திருந்தால் அதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பார்கள்.

பெட்டி எடுக்க முதல் இரங்கல் உரை. சாமித்தம்பி ஒலிவாங்கியைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் எழும்பிப் போனாள். பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள்.

"மச்சான், பேசுறதெண்டா அவன் என்ன படிச்சவனெண்டு சொல்லிப்போட்டுப் பேசுங்க," என்றாள் மெல்ல. "நீங்கதானே ஊரெல்லாம் அந்தச் சொல்லக் கொண்டு திரிஞ்ச. இண்டைக்கு நல்லபடியா ஒருக்காச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"செத்தவீட்டில அந்தச் சொல்லு எதுக்கு மச்சாள்."

அவள் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். "பைக்குள்ள இரிக்கலாம். வாயில வரப்படாதா?"

அவர் கை தன்பாட்டில் போய்ப் பையை மூடியது.

பிறகு பேசினார். மட்டுமண்ணின் முத்து என்றார். வாவி அழுகிறது என்றார். வாவி வெளியில் வள்ளங்களோடு சும்மா கிடந்தது. அன்னார் தமது வாழ்நாளை, என்று தொடங்கி நின்றார். ஒலிபெருக்கியில் அவருடைய மூச்சு மட்டும் இரண்டு முறை கேட்டது. அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. "தமது வாழ்நாளை மூலிகை ஆராய்ச்சிக்கே அர்ப்பணித்தவர்," என்று முடித்துவிட்டு ஒலிவாங்கியைச் சூடு பட்டவர் போல ஒலிபெருக்கிக்காரனிடம் நீட்டினார்.

சனம் தலையாட்டியது. சீதேவிப்பிள்ளை திரும்பி வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டாள். அழவில்லை. இந்த ஆளிடம் போய்க் கேட்டோமே என்பதுதான் அவளுக்கு அந்த நேரத்தில் தாங்க முடியாமல் இருந்தது.

அவளுடைய மகன் தனோஜன் கடமைக்கு நின்றான். யாரும் தடுக்கவில்லை. வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். கடைசியாகச் சாமித்தம்பி. கைநிறைய அரிசியோடு குனிந்தவர், குனிந்தபடியே சற்று நேரம் நின்றார். என்னவோ சொன்னார், அது அவளுக்குக் கேட்கவில்லை. அந்தக் குனிவில் பை வாய் திறந்து, டப்பி நழுவித் தம்பியின் நெஞ்சில் இருந்த பூக்களுக்குள் விழுந்தது.

வண்ணக்கர் அப்படியே விறைத்தார். கை பாதி வரை போனது. பின்னால் ஊர் நின்றது. செத்தவரின் நெஞ்சுப் பூக்களுக்குள் கையை விட்டு ஒரு பொருளை எடுக்கிறவரைப் பார்த்தால் அது என்ன என்று ஊர் கேட்கும்.

"மச்சாள்," என்றார், உதடு மட்டும் அசைய.

சீதேவிப்பிள்ளை கால்மாட்டில் கிடந்த செவ்வரத்தம் பூக்களை ஒரு கை அள்ளினாள். டப்பி தெரியாமல் மூடினாள். மேலே சால்வைத் தலைப்பை இழுத்து, சுருக்கம் இல்லாமல் தடவி விட்டாள்.

"மூலிகைதானே மச்சான்," என்றாள். "கிடக்கட்டும்."

பிறகு பெட்டி மூடியோடு நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். பறை எழும்பியது.

ஆண்கள் கடற்கரைப் பக்கச் சுடலைக்குப் போய்த் திரும்பும்போது வெயில் இறங்கிவிட்டது. பந்தலைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். வீடு கழுவிய தண்ணீரை ஊற்றப் பின்வளவுக்கு வந்தவள், படலைக்கு அப்பால் சாமித்தம்பியைக் கண்டாள். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வாவிக்கரையால் வந்திருக்கிறார். சட்டையில்லாத வெறும் மேல். படலையில் கை வைத்திருந்தாரே தவிரத் தள்ளவில்லை. தென்னைக்குக் கீழே இரண்டு கதிரைகளும் நேற்றுக் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அவருடைய வலக்கை நெஞ்சுக்கு ஏறியது, பை இருக்கும் இடத்துக்கு. வெறும் தோலில் பட்டுக் கீழே இறங்கியது.

அவள் வாளியைக் கவிழ்த்தாள். தம்பியின் கதிரையைத் தூக்கி இடுப்பில் சாத்திக்கொண்டு உள்ளே நடந்தாள். மற்றதை அங்கேயே விட்டாள்.